சைலன்சர் சூடு

கேரம் போர்டில் முகப்பவுடர் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு ஆட்டத்திலேயே காய் ஒட்டிக்கொள்ளும். போரிக் பவுடர்தான் சரி, அது என் கடையில் எப்போதும் இருக்கும். கந்தர்வக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் பெலிக்ஸ் மெடிக்கல் எங்கே என்று காட்டுவார்கள், இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் ஜீப் அனுப்பியிருக்கவே வேண்டாம். ஒரு போன் போட்டிருந்தால் நானே வந்திருப்பேன்.

பழனிச்சாமி அண்ணனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் அன்புமொழி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சாயங்காலமானால் அண்ணன் என் கடை வாசலுக்கு வந்துவிடுவார், போர்டை எடுத்துப் போடுவோம். பல வருஷமாக அவர்தான் ஜெயித்தார். ஜெயித்ததும் விரலைச் சொடுக்கி, "கடைசி ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்குங்க" என்பார். மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும், இல்லையென்று சொல்லவில்லை.

போன ஆடியில் ஆட்டம் மாறியது. நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். முதல்நாள் குருட்டு யோகம் என்று நினைத்தேன். மறுநாளும் ஜெயித்தேன். வாரக்கணக்கில் ஜெயித்தேன். நன்றாகப் பசித்தது, படுத்ததும் தூக்கம் வந்தது, முகம் தெளிந்திருக்கிறது என்று வீட்டுக்காரியே சொன்னாள். அந்த நேரம் பார்த்து அண்ணன், மகளோடு போய் இருந்துவிடப் போவதாகச் சொன்னார். இத்தனை வருஷம் தோற்றவன் இப்போதுதான் ஜெயிக்கத் தொடங்கியிருக்கிறான், எதிராளி எழுந்து போகிறேன் என்றால் எப்படி?

சூடு பட்டது என் வேலை இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குளத்தூரில் ஒரு காதுகுத்துக்கு என் வண்டியில் போனோம். நிறுத்திய இடத்தில் இடதுபக்கம் சேறு. புது வேட்டி பாழாகிவிடும் என்று மடித்துக் கட்டிக்கொண்டு வலதுபக்கமாக இறங்கினார். கெண்டைக்கால் சைலன்சரில் ஒட்டி எழுந்தது. சர்க்கரைக்காரர், காலில் உணர்ச்சி கம்மி. பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தோல் வழன்றிருப்பதையே கவனித்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? குழாயைத் திறந்துவிட்டுப் பச்சைத்தண்ணீரில் நெடுநேரம் காட்ட வேண்டும். எதையும் தடவாமல் சுத்தமான துணியால் லேசாக மூட வேண்டும். சர்க்கரை உள்ளவர் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் நான் சொல்கிற புத்திமதிதான். அண்ணனும் டாக்டரிடம் காட்டுவோமா என்று கேட்டார். ஆனால் நம் பக்கத்தில் யார் சார் முதலில் டாக்டரிடம் போகிறார்கள்? மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டு, அதற்கும் கேட்காவிட்டால்தானே ஆஸ்பத்திரி? "நான் எதுக்குண்ணே இருக்கேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்க்க வந்தவர்களும் சும்மா வரவில்லை. பொன்னுத்தாய் அக்கா பற்பசையைப் பிதுக்கி அப்பிவிட்டுப் போனார். வாத்தியார் ஒருவர் பேனா மையை ஊற்றினார். தோசைமாவு கொண்டுவந்தவர்களும் உண்டு. பாசமாக வருகிறவர்களை எப்படித் தடுப்பது? தோசைமாவு மட்டும் நான் சொல்லி அனுப்பியது.

என் ஆசை ரொம்பச் சின்னது. புண் கொஞ்சம் மெதுவாக ஆற வேண்டும், தீபாவளி வரைக்கும் அவர் இங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கட்டு மாற்றியது நான்தான். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவியது, தொட்டால் சுட்டது, கால் வீங்கியது. ரத்த ஓட்டம் திரும்புகிறது என்று சொன்னேன். மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வைத்தது. கெட்ட நீர் வெளியேறுகிறது, நல்லதுதான் என்றேன். வாடைக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். சிவப்பாக ஒரு கோடு முழங்காலை நோக்கி ஏறியபோது எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதனால் கட்டை இன்னும் கொஞ்சம் மேலே வரை சுற்றினேன். ஆன்டிபயாடிக் என்று காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தது வெறும் சத்து மாத்திரை. அதில் ஒரு கெடுதலும் கிடையாது, சார். பிள்ளைத்தாய்ச்சிகளே சாப்பிடுவது.

அன்புமொழி வீடியோ காலில் வருவாள். அதற்கு முன்னால் மேல்துணியை மட்டும் புதிதாகச் சுற்றிவிடுவேன். கட்டு பளிச்சென்று இருக்கும். "ஆறிக்கிட்டு வருதும்மா, அலைச்சல்தான் கூடாது" என்பேன். "நீங்க இருக்கீங்கன்னுதான் மாமா நான் நிம்மதியா இருக்கேன்" என்பாள். நல்ல பிள்ளை, இப்போது கோபத்தில் புகார் கொடுத்திருக்கிறாள்.

ஆட்டம் நிற்கவில்லை. போர்டை அவர் கட்டிலுக்கே கொண்டுபோனேன். காய்ச்சலில் கை நடுங்கியது, ஸ்ட்ரைக்கர் எங்கெங்கோ போனது. நான் ஜெயித்தேன். காய்ச்சல்காரரை ஜெயித்தாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

ஒருநாள் போனில் அவர் பேச்சு குழறவே, அன்புமொழி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். கட்டைப் பிரித்தாள். அன்றைக்கே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். உயிரை இழுத்துப் பிடித்தாயிற்று. கவரில் மிச்சமிருந்த மாத்திரைகளை அங்கே யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்படித்தான் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அது தெரியவருவதற்கு முன்பே நான் போய்ப் பார்த்தேன், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். போர்வை வலதுபக்கம் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்காமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

"பெலிக்ஸு, ஒன்கிட்ட ஒண்ண மறைச்சுட்டேன்" என்றார். "மக வீட்டுக்குப் போறதுன்னு ஆடியிலயே முடிவு பண்ணிட்டேன். போற வரைக்கும் நீ சந்தோசமா இருக்கட்டுமேன்னு நாந்தான் வேணும்னே தோத்துக்கிட்டு வந்தேன். கோவிச்சுக்காதப்பா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆடியிலிருந்து ஜெயித்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆமாம் சார், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு நாளும் புண்ணைப் பார்த்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தே மூடிக் கட்டினேன். அதில் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவரும் ஆடியிலேயே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே சந்தோஷமாகப் பஸ் ஏற்றிவிட்டிருப்பேன், இரண்டு காலோடு போய்ச் சேர்ந்திருப்பார். நான் செய்ததை எழுதிவிட்டீர்கள். அவர் செய்ததையும் எழுதுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.