வண்டி வீடும் கடிதத்தில் இல்லாத வரியும்

பெயர் அப்பாசாமி. தகப்பனார் பெயர் மண்ணாங்கட்டி. வயது அறுபத்தேழு இருக்கும். விலாசம் செங்கம் ரோடு, ரமணாசிரமத்துக்கு மேற்கே, புளியமரத்துக் கொல்லை, திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டம். தொழில் விவசாயம்.

இன்று 18-1-1982 திங்கட்கிழமை காலை பத்து மணியில் இருந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்து இதை என் கையாலேயே எழுதுகிறேன். நான் சொன்னால் போதும், தான் எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். நான் ஒன்றரை வருடமாக முதியோர் பள்ளியில் சந்திரம்மாள் டீச்சரிடம் படிப்பதால் நானே எழுத அனுமதி கேட்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா எட்டுத் தாள் கொடுத்தார். மெதுவாக எழுதினாலும் விடாமல் எழுதுவேன்.

சென்ற வருடம் சித்திரை மாதம் மார்ட்டின் என்ற ஜெர்மன்காரர் தம்முடைய வண்டியை என் கொல்லையில் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். அவர் பக்கத்தில் கோதண்டராமன் என்பவருடைய வாடகை அறையில் ஆறு மாதம் தங்கி இருந்தவர். தினமும் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடிப்பார். தமிழ் பேசவும் எழுதவும் பழகிக்கொண்டார். அவருடைய தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததால் அவசரமாகப் புறப்பட்டார். வாரம் ஒரு முறை இஞ்சினை ஓடவிடச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். என் மருமகன் சகாதேவன் அரசு பஸ்ஸில் தற்காலிக டிரைவராக இருப்பதால் ஞாயிறுதோறும் அவர் வந்து இஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார். வண்டியை நகர்த்தியது கிடையாது.

அந்த வண்டி ஒரு வீடு. உள்ளே இரண்டு பேர் படுக்கும் மெத்தை உண்டு. அதை மடித்தால் உட்காரும் பலகை ஆகிவிடும். சின்ன அடுப்பு உண்டு. கையால் அடித்தால் தண்ணீர் வரும் குழாய் உண்டு. ஜன்னலுக்கு மஞ்சள் பூப்போட்ட திரை உண்டு. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும்.

அதன் பிறகு ஆடி மாதத்தில் இருந்து நானும் என் மனைவி தங்கம்மாளும் மகள் சரசுவும் மருமகனும் பேத்தி உண்ணாமலையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து பேசுவது வழக்கமாயிற்று. முதலில் எலி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறினோம். அதன் பிறகு இறங்க மனம் வரவில்லை. இந்த வண்டியில் குடும்பத்தோடு போனால் எங்கே போகலாம் என்று சரசு ஒரு நாள் கேட்டாள். அன்றிலிருந்து அதே பேச்சு.

காணும் பொங்கல் அன்று சாத்தனூர் அணைக்குப் போவது, பூங்காவும் முதலையும் பார்ப்பது, தண்ணீர் ஓரமாக வண்டியை நிறுத்தி இரண்டு நாள் தங்குவது, அங்கிருந்து ஏலகிரி போய் மலைமேல் இருக்கும் ஏரியைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதைக் காலண்டர் தாளின் பின்புறம் நான் எழுதினேன். நான் எழுதிய முதல் நீளமான எழுத்து அதுதான். யார் எங்கே படுப்பது என்றும் எழுதினேன். பெண்கள் மூவரும் உள்ளே, நானும் மருமகனும் வெளியே கோரைப் பாயில். தங்கம்மாள் அம்மிக்கல்லும் வரவேண்டும் என்றாள். மருமகன், "அத்தே, அம்மி ஏறிச்சினா வண்டி குந்திக்கும், எழுந்திருக்காது" என்றார். அவள் விடவில்லை. கடைசியில் சின்ன இடிகல் என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டேன். அணை கட்டிய காலத்தில் இருந்து அவளைக் கூட்டிப்போவதாக நான் சொல்லி வருகிறேன். மாடு இருந்ததால் முடியவில்லை. அந்தாண்ட கரை தெரியாத தண்ணீரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வண்டி மரத்தடியில்தான் நின்றது, ஆனால் திரையை இழுத்து விட்டால் வெளியே தண்ணீர் இருப்பதாகவே இருக்கும். பேத்தி கண்ணை மூடிக்கொண்டு அலைச் சத்தம் கேட்கிறது என்பாள். எனக்கும் கேட்டது.

ஆனால் அடுத்தவர் வண்டியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வேலை பங்குனியில் நிரந்தரம் ஆகவேண்டும். மார்ட்டினுக்குக் கடிதம் எழுதிக் கேட்பது என்று வைத்தோம். நான்தான் எழுதினேன். அணை என்று எழுதிய இடத்தில் மை கொட்டிவிட்டது.

அதன் பிறகு இந்த மாதம் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் எல்லோரும் இருக்கும்போது மார்ட்டின் கடிதத்தை உறை பிரித்தேன். முந்தின நாள் வந்ததை நாள் முழுதும் மடியிலேயே வைத்திருந்தேன். சரசுவும் மருமகனும் என்னைவிட வேகமாகப் படிக்கக்கூடியவர்கள். இருந்தும் என்னையே படிக்கச் சொன்னார்கள். நான் விரல் வைத்துப் படித்தேன். தகப்பனாருக்குத் தேவலை, மாசி மாதம் வருவேன், இஞ்சினை ஓடவிடுங்கள், எலி வராமல் பாருங்கள், தங்கம்மாள் அம்மா கொடுத்த மோர் நினைவில் இருக்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே அவர் பெயர். நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை. நான் எழுதிய கடிதம் போய்ச் சேராமலும் இருந்திருக்கலாம்.

மோர் என்று படித்ததும் தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் சரிசெய்து கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வரிக்காக என் வாயையே பார்த்தாள். நான் பெயருக்குக் கீழே வெறும் தாளில் விரலை வைத்து, அதே மாதிரி மெதுவாக, "பொங்கலுக்குக் குடும்பத்தோடு வண்டியில் அணைக்குப் போய் வாருங்கள்" என்று படித்தேன். அப்போது எனக்குப் பயம் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

மருமகன், "எங்க மாமா, குடுங்க பாக்கலாம்" என்று கையை நீட்டினார். நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏன், நான் படிச்சா நம்பிக்கை இல்லியா" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு 16-ந்தேதி சனிக்கிழமை காணும் பொங்கல் காலை ஏழு மணிக்குப் புளிச்சோறு, தயிர்ச்சோறு, பாய், இடிகல் எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாட்டைப் பாஞ்சாலை என்பவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம் வைத்தோம். நேராக அணைக்குப் போகலாம் என்று மருமகன் சொன்னார். முதல் பயணம் கிளம்பும் வண்டி மலையைச் சுற்றாமல் போகக் கூடாது என்று தங்கம்மாள் சொன்னதால் மலையைச் சுற்றத் திருப்பினோம். அடி அண்ணாமலை தாண்டும் முன் வண்டியில் எரிந்த வாடை வந்தது. பின்பக்கம் இஞ்சினில் ஒரு பெல்ட் அறுந்திருந்தது. அங்கே இருந்த குளத்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். வேறு பெல்ட் கிடைக்குமா என்று பார்க்க மருமகன் டவுனுக்கு மெக்கானிக் முருகையன் வீட்டுக்குப் போனார்.

மற்ற நாங்கள் குளத்தங்கரையிலேயே இருந்தோம். மழை நன்றாகப் பெய்த வருடம், குளம் நிரம்பி இருந்தது. மலை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது. சரசு வண்டி அடுப்பில் டீ போட்டாள். மஞ்சள் திரை காற்றில் வெளியே வந்து ஆடியது. தங்கம்மாள் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "அந்தாண்ட கரை தெரியுதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சா இன்னா" என்று அவளே சொல்லிக்கொண்டாள். மீன் அவள் காலைக் கடித்ததற்குச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். நான் பாயை விரித்துப் படுத்தேன். மலை மேலேயும் கீழேயும் இருந்தது. என் வீட்டில் இருந்து அந்த இடம் நடக்கிற தூரம்தான். ஆனால் ரொம்ப தூரம் வந்துவிட்டதாகவே எனக்கு இருந்தது.

வண்டியைக் காணவில்லை என்று கோதண்டராமன் காலையிலேயே புகார் கொடுத்திருக்கிறார். வெளியூர்க்காரர் பொருளுக்குத் தாம் பதில் சொல்ல வேண்டி வரும் என்று பயந்து கொடுத்தது, அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. போலீசார் அணை ரோட்டில் தேடிவிட்டு, அதன் பிறகு முருகையன் வீட்டில் மருமகனைப் பிடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்பில் குளத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் கையில் புது பெல்ட் இருந்தது.

மருமகன் ஏட்டையாவிடம், "கடுதாசில எழுதி இருக்குதுங்க. எங்க மாமா படிச்சாரு. வாங்கிப் பாருங்க" என்றார். ஏட்டையா வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார். "பெரியவரே, எங்க இருக்குது?" என்று கேட்டார். நான், "இல்லீங்க. நானா சேத்துப் படிச்சேன்" என்றேன்.

மருமகன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கம்மாள்தான், "எழுத்து கத்துக்கினு வந்து எங்களுக்கே இல்லாதத படிக்கிறீங்களா" என்று கேட்டாள். அதன் பிறகு டீ குடித்த கிளாசுகளைக் கழுவித் துடைத்து, வண்டிப் பலகையில் மார்ட்டின் வைத்திருந்த அதே குழிகளில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஜீப்பில் ஏறும்போது மருமகன் என்னிடம், "மாமா, வண்டி கதவ பூட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். பூட்டிவிட்டேன் என்றேன்.

பெல்ட் அறுந்திருக்காவிட்டால் அணைக்குப் போயிருப்பீர்களா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்குப் பதில், போயிருப்போம். மலையைச் சுற்றத்தான் எடுத்தோம் என்று எழுதினால் லேசாக முடியும் என்று வெளியில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அப்படி எழுதவில்லை. மருமகன் சகாதேவன், என் படிப்பை நம்பி வண்டி ஓட்டியவர். தாளைக் கேட்டவர், நான் கொடுக்காதவன். திருட்டு என்று வழக்கு எழுதுவதானால் என் பெயரில் எழுத வேண்டும். அவர் பெயர் வழக்குத் தாளில் வந்தால் பங்குனியில் அவர் வேலை போய்விடும். கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மார்ட்டின் மாசியில் வந்ததும் அவரிடமும் இதையே சொல்வேன்.

இதில் நடந்ததை மட்டும் எழுதி இருக்கிறேன். இதுவரை எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்டர் ஐயா முன்னிலையில், என் மனைவியும் மருமகனும் கேட்க, முதல் தாளில் இருந்து கடைசி வரைக்கும் விரல் வைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் படித்தேன். சரியாகப் படிக்கிறேனா என்று மருமகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டார். நான்தான் அவரை நிற்கச் சொன்னேன்.

(கையொப்பம்)
ம. அப்பாசாமி