ஜெனரேட்டருக்குத் தைத்த சட்டை

நித்யஸ்ரீ: அந்தத் தோலு சட்டையக் கழட்டணும்ப்பா.

சாவித்திரி: ஏன்டி... அத மட்டும் உங்கப்பாகிட்ட கேக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்.

வீரபாகு: யாரோட சட்டைய?

நித்யஸ்ரீ: ஜெனரேட்டரோடத. உள்ள கம்பளி, வெளிய எருமத் தோலு, ரெட்டத் தையல் போட்டு நீ தெச்சது. அதுக்கு மூச்சு முட்டுது.

வீரபாகு: மிஷினுக்கு இன்னா மூச்சு?

நித்யஸ்ரீ: காத்து உள்ள போவணும், சூடு வெளிய வரணும். இத்தினூண்டு ஜெனரேட்டரு, நம்ம கேரவன் வேன் தலைல இருக்கற ஏசிய இழுக்கறதே பெரிசு. அது மேல போத்தி விட்டு வெய்யில்ல உக்கார வெக்கற. ஆம்பூரு மே மாசத்துல ஜெர்கின் போட்டுக்குனு யாராவது மூட்ட தூக்குவாங்களா?

வீரபாகு: உள்ள கல்யாணப் பொண்ணு மேக்கப்புக்கு உக்காந்துனு இருக்குது, வெளிய டபடபன்னு சத்தம். பார்ட்டிங்க பேஜார் பண்ணாங்க, தெச்சேன். ஷபீ அஹமது பாய் தோல் கடைய வுட்டு எறங்கி வந்து தடவிப் பார்த்தாரு. கார் சீட்டுக்குக்கூட இப்படித் தையல் பார்த்ததில்லன்னாரு...

நித்யஸ்ரீ: தையல் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சிதான் நல்லா இல்ல.

சாவித்திரி: சிரிக்காதீங்க, பாவம். ஏசி பாதில நின்னு, கண்ணு மை ஒழுகி கழுத்து வரைக்கும் வந்துச்சாம்.

வீரபாகு: நான் எங்க சிரிச்சேன்? நீதான் சிரிக்கற.

சாவித்திரி: நான் எப்பவும் இப்படித்தான் இருப்பேன்.

வீரபாகு: ஏம்மா, நீ ஒரு பொட்டி மாட்டுனியே... அதுல கோளாறு இருக்கும்.

நித்யஸ்ரீ: என் பொட்டி வர்றதுக்கு முன்னாடி ஏசி ஸ்டார்ட்டே ஆவல. கம்ப்ரஸர் எழுந்திருக்கும்போது ஒரே இழுப்பா இழுக்கும், ஜெனரேட்டரு படுத்துக்கும். அந்தப் பொட்டி அத மெதுவா எழுப்பி விடுது. இப்ப ஸ்டார்ட் ஆயி, சூடேறுனப்புறம்தான நிக்குது? கைய வெச்சுப் பாரு, தோச வார்க்கலாம்.

வீரபாகு: சரி, விடு. இன்னிக்குப் பேரணாம்பட்டு கல்யாணத்துக்கு வண்டி போவல. கல்யாணப் பொண்ணு உமைமா வூட்டுக்குப் போன் பண்ணி, வேற பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டேன்.

நித்யஸ்ரீ: எப்ப சொன்ன?

வீரபாகு: நேத்து. நம்பி எப்படி அனுப்பறது? இந்த கேரவனே வேணாம், வித்துரலாம்னு பாக்கறேன்.

நித்யஸ்ரீ: சட்டையக் கழட்டறதுக்கு பதிலா வண்டிய விப்பியா?

வீரபாகு: உனக்கு இன்னா கொறச்சல்? ஷூ கம்பெனில ஆபீஸ் ரூம், ஃபேனு, சேரு. நானும் எங்கப்பனும் அடுத்தவன் உக்கார சீட்டு தெச்சவங்க. நீதான் மொத மொத உக்காந்த.

நித்யஸ்ரீ: எலக்ட்ரிகல் படிச்சுட்டு கேட் பாஸ் எழுதறேன். சூப்பர்வைசர் உள்ள வந்தா எழுந்து அந்த சேர அவருக்குக் குடுத்துட்டு, செவுத்த ஒட்டி நிக்கறேன்.

சாவித்திரி: நீ சொல்லவே இல்லியேடி...

நித்யஸ்ரீ: இவரு தெரு பூரா சேரப் பத்திப் பேசினு இருக்காரு. எப்படிச் சொல்றது?

வீரபாகு: அதுக்காக? மண்டபத்துக்குப் பின்னாடி பெட்ரோல் கேனத் தூக்கினு டிரைவருங்களோட நிப்பியா?

நித்யஸ்ரீ: நிப்பேன்.

வீரபாகு: அவங்க பேசற பேச்சு உனக்குத் தெரியாது.

சாவித்திரி: இவ பேசறது அவங்களுக்குத் தெரியாது. நான் அவங்களுக்குத்தான் பயப்படறேன்... ஏங்க, போதுங்க. அவகிட்ட சோளிங்கர் விஷயத்தச் சொல்லிருங்க.

வீரபாகு: நீ சும்மா இரு.

நித்யஸ்ரீ: சோளிங்கர்ல இன்னா?

சாவித்திரி: போன வாரம் ஒரு பார்ட்டிய ஏத்தினு போனாரில்ல... ஜெனரேட்டருக்கு சட்ட போடாமதான் ஓட்டுனாரு. ஏசி நிக்கவே இல்லியாம். உள்ள இருந்த அம்மா, குளுருதுன்னு போர்வ கேட்டுச்சாம்.

நித்யஸ்ரீ: ...ப்பா?

வீரபாகு: ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு.

நித்யஸ்ரீ: தெரிஞ்சுதான் திரும்ப மாட்டுனியா?

வீரபாகு: வண்டி ஓடுதுன்னு தெரிஞ்சா நீ வேலைய விட்டுருவ. ஓடலன்னா வழக்கம் போல பஸ் ஏறி ஆபீஸ் போவ... அதான்ம்மா. வேற ஒண்ணும் இல்ல. உமைமா வூட்டுக்கும் அதனாலதான் வேணாம்னேன். நீ இன்னிக்கு லீவு போட்டதே எனக்குப் பிடிக்கல.

நித்யஸ்ரீ: லீவு இல்லப்பா. வேலைய விடறேன்னு திங்கக்கெழமையே எழுதிக் குடுத்துட்டேன். அப்பலேர்ந்து தெனமும் நான் சோத்து டப்பா எடுத்துக்குனு போனது பேரணாம்பட்டு மண்டபத்துக்கு... ஜெனரேட்டர எந்த நெழல்ல, எவ்ளோ தள்ளி வெச்சா பொகை வேனுக்குள்ள வராதுன்னு பார்க்கறதுக்கு. நேத்து நீ போன வெச்சதும் உமைமா எனக்குத்தான் பண்ணுச்சு, வர்றேன்னுட்டேன். தெரு முனைல டிரைவரு மஹபூப் பாஷா அண்ணன் நம்ம கேரவன்ல ஏறி உக்காந்துனு ஹாரன் அடிக்காம இருக்காரு, நான் சொல்லி வெச்சேன். நிக்காஹ் முடிஞ்சதும் பிரியாணி கட்டிக் குடுப்பாங்க, நைட்டுக்குச் சமைக்காதம்மா. போய்ட்டு வர்றேன்.