கஸ்தூரியின் பச்சைப் பெட்டி

புதிதாகக் கணினி கற்பவர்கள் திரையில் வருவதை முழுதாகப் படிப்பதில்லை, இன்ஸ்பெக்டர். நிறத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு வந்தால் நிற்பார்கள், பச்சை வந்தால் போய்விடுவார்கள்.

பத்து பாகாட் டயாலிசிஸ் நிலையத்தில் நான் ஒன்பது வருடமாகக் குமாஸ்தா. நோயாளிகள் பட்டியலை எக்செலில் அமைத்தது நான்தான். பெயர், நேரம், ஆகாத மருந்து. தாதிகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள்.

கஸ்தூரி என் தோழி. தையல் ஃபேக்டரி மூடியதும் அவளை இங்கே சேர்த்துவிட்டேன். ஒருமுறை செய்த வேலையைப் பதிவு செய்து, பிறகு ஒரே பொத்தானில் முடிக்கக் கற்றுக்கொடுத்தேன். நோயாளிகள் மாறும்போதெல்லாம் அந்த வேலையைப் புதிதாகப் பதிவு செய்வாள். பெயர்களை மட்டும் அகர வரிசையாக்கிவிடுவாள். மருந்துகள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் மருந்து. பலரும் செய்கிற தவறுதான். அதற்காகவே நான் வைத்திருந்த சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி திரையில் எழுந்து அவளைத் தடுக்கும்.

"நல்ல வேளை நீ இருக்க லா, யோகா," என்பாள்.

பெட்டி வராவிட்டால் எல்லாம் சரி என்று நம்பப் பழகிவிட்டாள்.

மார்ச்சில் பிரிண்டரில் அவளுடைய விண்ணப்பம் கிடந்தது. மேற்பார்வையாளர் பதவிக்கு. பட்டியலைத் தானே உருவாக்கியதாக எழுதியிருந்தாள். என் பெயர் எங்கும் இல்லை. பதவி அவளுக்கே கிடைத்தது. வாழ்த்துச் சொல்லி, கேக்கும் சாப்பிட்டேன்.

அன்று மதியம் சிவப்புப் பெட்டியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'எல்லாம் சரி' என்று பச்சையில் ஒன்று வைத்தேன். ஐந்து நிமிட வேலை.

மூன்று வாரம் கழித்து இரண்டு புது நோயாளிகள் வந்தார்கள். கஸ்தூரி மறுபடி பதிவு செய்தாள். பச்சை வந்தது. அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பழைய நோயாளி செல்லப்பன் பெயருக்கு நேரே ஆகாத மருந்து ஒன்றும் இல்லை. பென்சிலின் அவருக்கு ஆகாது என்று முதலில் எழுதியவளே நான். லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எனக்கு ரம்புத்தான் கொண்டுவருவார். காய்ச்சலுக்கு அவருக்கு அன்று பென்சிலின் ஊசி இருந்தது. தாளைத் தாதிகளிடம் கொடுத்தேன்.

பத்தரை மணிக்கு இறந்துபோனார்.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சரின்னுதான வந்துச்சு, யோகா. நீயாச்சும் சொல்லேன்."

"நீ தாளைப் படிச்சுப் பாத்திருக்கணும்," என்றேன்.

செல்லப்பன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. விண்ணப்பத்தில் கஸ்தூரி ஒரு வரி உண்மை எழுதியிருந்தால், இன்று அவர் உயிரோடு இருந்திருப்பார். அதை அவர் மகளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.