காணாமல் போன பதினாறு எம்.பி.

உட்கார்ந்து செய்கிற வேலையில் இடுப்பு இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏட்டையா. ஒன்பது வருஷம் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் சிமெண்டு மூட்டை சுமந்தேன். படுத்தால் விடிந்துதான் முழிப்பு வரும். நாலு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது உங்கள் ஸ்டூலில் அரைமணி நேரம் இருப்பதற்குள் முதுகுத்தண்டில் ஆணி இறங்குகிறது. சுவரோரமாக நின்றுகொண்டு சொல்கிறேனே. கேட்பதை எல்லாம் சொல்லிவிடுவேன். அடிக்க வேண்டிய அவசியம் வராது.

பெயர் சூசைமரியான். வயது முப்பத்து நான்கு. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடியில், பூமிநாதன் அண்ணனின் கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் ஆபரேட்டர். படித்து வாங்கிய வேலை இல்லை. தொண்ணூற்று மூன்றில் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மாடிக்குத் தூக்க ஆள் தேடினார்கள். தூக்கிக்கொண்டு போனேன். ஒயர் எல்லாம் மாட்டி முடிக்கிறவரை நின்று பார்த்தேன். அப்புறம் இறங்கவே இல்லை. இரண்டு விரலால் தட்டத் தெரிந்தால் போதும் என்றார் அண்ணன்.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதை ஒரு குறையாக எழுதிவிடாதீர்கள். கறிக்கடையில் தராசு பிடிக்கிறவன் சைவமாக இருந்தால் எவ்வளவு நல்லது, அது மாதிரிதான் இதுவும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஜாதகம் வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும். உள்ளே எலி கொறிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். சனங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இப்ப செவ்வாயப் பாக்குதுபோல" என்பார் ஒருத்தர்.

"இல்லப்பா, சனிகிட்ட நிக்கிது. அதான் லேட்டு" என்பார் அடுத்தவர்.

மெமரி பற்றாமல் அது முக்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த வருஷம் தை மாதம் பொருத்தம் பார்க்கிற புது புரோகிராம் ஒன்றை வாங்கி ஏற்றினார். பெட்டி பாதிப் பொருத்தத்தில் படுத்துக்கொண்டது. திருச்சியிலிருந்து நெல்சன் என்ற மெக்கானிக் வந்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"அண்ணே, நாலு எம்.பி. மெமரிய வச்சுக்கிட்டு இம்புட்டுப் பெரிய புரோகிராம ஓட்டுறீகளே. சைக்கிள் கேரியர்ல பீரோவ வச்சுக் கட்டுன மாதிரில்ல இருக்கு."

மெமரி என்பது கலவை குழைக்கிற மேடை மாதிரி, ஏட்டையா. மேடை சின்னதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்க முடியும், மிச்சத்தைக் கீழே கொட்டிவைத்துக் கொட்டிவைத்து எடுக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. நெல்சன் பதினாறு எம்.பி. கொண்டுவந்திருந்தான். சாணில் பாதி நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, மேலே கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள். சாய்த்துச் சொருகி நிமிர்த்தினான். இரண்டு பக்கமும் கொக்கி பிடித்துக்கொண்டது. அதுவரை காலையில் ஆன் செய்தால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்த திரை, அன்றைக்கு இருபதாயிரத்து நானூற்று எண்பதில் போய் நின்றது. மூட்டை எண்ணிப் பழகிய எனக்கே மலைப்பாக இருந்தது.

ஜாதகம் ஒரே நிமிஷத்தில் வந்தது. தொல்லையும் அதோடு வந்தது.

கீழச்சிவல்பட்டியிலிருந்து வீரலட்சுமி என்று ஒரு அம்மா, மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் பொருத்தம் கேட்டு வந்திருந்தார்கள். உட்காரப் போனவர்கள் உட்காரவில்லை. அதற்குள் தாள் வந்துவிட்டது.

"என்னய்யா இது, எச்சி முழுங்கல, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்கிற? பன்னெண்டு கட்டத்தையும் பாத்துச்சா, இல்ல பாத்த மாதிரி சும்மா சொல்லுதா?"

"நல்லாப் பாத்துருச்சும்மா. புது மெமரி."

"எம்மவன் வாழ்க்கைய்யா இது. கொழம்புக்குப் புளி கரைக்கக்கூட இதவிட நேரமாகும். நீயே வச்சுக்க."

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் இல்லை. சீக்கிரம் முடிகிற வேலையை யாரும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அது பட்டறையிலேயே தெரியும். வியர்க்காமல் இறக்கிய மூட்டைக்குக் கூலி கேட்டால் மேஸ்திரி முறைப்பார். மாசி பிறப்பதற்குள் பெஞ்சில் பூனை படுத்துத் தூங்கியது.

"பங்குனி வரைக்கும் பாப்போம் சூசை" என்றார் அண்ணன். "ஆகலன்னா கடைய மூடிருவோம். நீ பழையபடி ஆத்தங்குடிக்கே போயிருப்பா. ஒனக்கென்ன, ஒடம்புல தெம்பு இருக்கு."

அண்ணன் நொடித்துப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்காலியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மூடியைக் கழற்றி, கொக்கி இரண்டையும் விலக்கி, தகட்டை மெதுவாகச் சாய்த்து எடுத்தேன். கண்ணாடிமேல் வார்த்த தரைக்கல்லை உரித்து எடுக்கிற பதம்தான்; பலம் காட்டக்கூடாது. தகட்டை என் ஜெபப் புத்தகத்தில் ஜெபமாலைப் பக்கத்தில் வைத்தேன். அது திருட்டு இல்லை. அடையாளத்துக்கு எதையாவது வைக்கத்தான் வேண்டும்.

"பழையபடி நொண்டுதேப்பா" என்றார் அண்ணன்.

"வெயில்ண்ணே. சூட்டுக்கு மெமரி விரிஞ்சுருக்கும். விரிஞ்சா மெதுவாத்தான் ஓடும்."

அண்ணன் தலையாட்டினார். அதற்குள் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் உங்களுக்கு இவ்வளவு எழுத வேலை இருந்திருக்காது. பொருத்தப் புரோகிராம் பெரியது, நாலு எம்.பி.யில் முழுசாக ஓடாது. பத்துப் பொருத்தத்தில் ஏழு பார்க்கும்; ராசியாதிபதியோடு உறைந்து நின்றுவிடும். வசியம், ரஜ்ஜு, வேதை மூன்றும் வராது. ரஜ்ஜு என்பது தாலி நிலைக்குமா என்று பார்ப்பது. அது தெரியாமல் எந்த வீட்டிலும் பேச்சு நகராது. தகட்டைத் திரும்பச் சொருகியிருக்கலாமே என்கிறீர்கள். சொருகினால் பெஞ்சு காலியாகும். பெஞ்சில் ஆள் இருக்கும்போது மெஷின் நின்றுபோனது என்று சொல்லவும் முடியாது. அதனால் மிச்சம் மூன்றையும் நானே தட்டினேன்.

சும்மா தட்டவில்லை. ஆளைப் பார்த்துத்தான் தட்டினேன். முதல் மாப்பிள்ளை சேவுகன் என்று ஒரு பையன். டீ கொண்டுவந்தவரிடம் கிளாஸைக் கழுவிக் கொடுத்தான். அவனுக்கு ரஜ்ஜு உண்டு என்று போட்டேன். இன்னொருவன் பெஞ்சுப் பூனையைக் காலால் தள்ளினான். ரஜ்ஜு இல்லை. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று பொருத்தம் வருவதற்கு முன்பே பேசிய வீடுகளுக்கு வசியமும் வேதையும் சேர்த்தே இல்லை. இதில் எந்தக் கிரகம் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கை பழகிவிட்டது. வைகாசியில் ஏழுக்கும் காத்திருப்பதில்லை, ஐந்திலேயே வாங்கிக்கொள்வேன். அப்புறம் சில நாள் புரோகிராமைத் திறக்கவே இல்லை. விளக்கு மினுக்க ஏதாவது ஓட வேண்டும், அதற்கு ஒரு சீட்டாட்டம் போட்டுவைத்தேன். முகூர்த்தம் கேட்டால் திருப்பத்தூர் பஸ் வருகிற நேரத்துக்கு அரைமணி தள்ளிக் குறித்தேன். சொந்தபந்தம் வந்து சேராத முகூர்த்தம் எதற்கு. பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஆயுள் எண்பத்து நான்கு. அதில் கஞ்சத்தனம் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

மொத்தம் சேர்த்துவைத்தது முப்பத்தொரு ஜோடி. பிரித்துவிட்டது பன்னிரண்டு. பிரித்ததில் மூன்று பேர் அழுததாகக் கேள்வி. அவர்கள் போகப்போகப் புரிந்துகொள்வார்கள்.

முந்தாநாள் நெல்சன் தூசி தட்ட வந்து மூடியைத் திறந்தான். தகடு இல்லை. மாட்டியதாகச் சொல்லி அவன்தான் ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இங்கே இழுத்துவந்தார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். "பதினாறு எம்.பி.யக் காணோம்யா" என்று அண்ணன் சொன்னதும் நீங்கள் எழுந்து தொப்பியை மாட்டினீர்கள்.

"எந்தக் கட்சின்னு மொதல்ல சொல்லுய்யா, மேல தகவல் கொடுக்கணும்ல" என்றீர்கள்.

மெமரி என்று அண்ணன் விளக்கியபோது, ஞாபகம் போனதற்கு ஸ்டேஷனுக்கு வரக்கூடாது, பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னீர்கள். நெல்சன் இரண்டு நாளாக அங்குட்டு உள் அறையில் பனியனோடு உட்கார்ந்திருக்கிறான். அதற்காகத்தான் நானாக வந்தேன். பாவம், அவனை அனுப்பிவிடுங்கள். தகட்டை ஜெபப் புத்தகத்தோடு கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

ஆமாம். ஆனி மாதம் நீங்களும் வந்தீர்கள். உங்கள் மகள் பாண்டீஸ்வரிக்குப் பார்க்க. யூனிஃபார்மில் வந்து, பெஞ்சில் உட்காராமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள்.

"பந்தோபஸ்துக்குப் போகணும்யா. நின்னு நெதானமாப் பாக்கட்டும், ஆனா வெரசாப் பாக்கச் சொல்லு" என்றீர்கள்.

அன்றைக்குப் புரோகிராமைத் திறந்துதான் பார்த்தேன். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏழில் நின்றது. வேறு விசையைத் தட்டி எழுதுகிற பக்கத்துக்குப் போனேன்; அங்கே எழுத்துகள் என் கையிலிருந்து வருவது உங்களுக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாருக்கும் ஆளைப் பார்த்துத் தட்டினேன் என்றேன். உங்கள் மாப்பிள்ளை வரவில்லை. போட்டோவும் நீங்கள் கொண்டுவரவில்லை. அவர் கிளாஸ் கழுவுகிறவரா, பூனையைத் தள்ளுகிறவரா, எனக்குத் தெரியாது. என் கண்ணில் பட்டது லத்தி ஒன்றுதான். மேசை விளிம்பில் அதைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். பத்துக்குப் பத்து போட்டேன்.

"பாத்தியாய்யா எம்மக யோகத்த" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். என் வாக்குமூலம் பறக்காமல் இருக்க நீங்கள் மேலே வைத்திருப்பது அந்தப் பத்திரிகைக் கட்டுதான். மஞ்சள் தடவியிருப்பது தெரிகிறது. பதறாதீர்கள். முதல் ஏழும் மெஷின் பார்த்தது, அதில் நான் கை வைக்கவில்லை. சேர்த்துவைத்ததில் மற்ற முப்பது வீட்டுக்கும், பிரித்த பன்னிரண்டு வீட்டுக்கும் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை; யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு மட்டும் மூன்று பொருத்தம் பாக்கி. வசியம், ரஜ்ஜு, வேதை.