மூன்று தட்டு

“கார் சக்கரத்துக்குள்ள குருவி கத்துமாடி?” என்று ஐடா ஒரு நாள் என்னைக் கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய சித்தப்பா சாம்ராஜுக்கு நடந்தது இது. எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்க... அந்த ஜன்னலை யாராவது சாத்துங்க.

ராத்திரி பதினோரு மணி. மாரிகுப்பத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு வருகிற ரோடு. ஒரு பக்கம் தங்கச் சுரங்கத்துக் கழிவு கொட்டின சயனைடு மண்மேடு. இன்னொரு பக்கம் மூடிப்போன பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற குழி. ஒரு நாய்கூட இல்லை.

சாம்ராஜ் டாக்சி ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் சுரங்கத்தில் வேலை. கொஞ்ச நாளாக அவருடைய அம்பாசிடர் அந்த ரோட்டுக்கு வந்ததும் முன்சக்கரத்தில் ஒரு சத்தம் ஆரம்பிக்கும். கீச்... கீச்... வீடு வரைக்கும் கூடவே வரும்.

அவர் மனைவி குணசுந்தரி அதை முதல்முறை கேட்டபோது கையிலிருந்த சோற்றுப் பானையைக் கீழே போட்டாள். அப்புறம் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. “இன்னொரு வாட்டி இந்தச் சத்தத்தோட வந்தீங்கன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் ஏசுபாதம் அந்தப் பழைய ஷாஃப்டில் பாறை வெடித்துச் செத்தவர். உடம்பு மேலே வரவேயில்லை. சாம்ராஜும் அவரும் ஒரே ஷிஃப்ட்.

குணசுந்தரி போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் சாம்ராஜ் அன்று ராத்திரியே மெக்கானிக் வேலாயுதத்தை அந்த ரோட்டுக்குக் கூட்டிப் போனார்.

“பிரேக் ஷூ காஞ்சிருக்கும். இல்லன்னா ஸ்பிரிங் புஷ். இதுக்குப் போயி அண்ணி சோறு துன்னலியா? இன்னாண்ணா நீ!” என்று வேலாயுதம் சிரித்தான்.

அவன் இறங்கி முன்சக்கரத்தோடு நடந்தான். வண்டி ஊர்ந்தது. இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் மட்கார்டில் தட்டச் சொல்லியிருந்தார் சாம்ராஜ். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றுகிற கேஜுக்கு மணி அடிக்கிற அதே கணக்கு. ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ. மூன்று தட்டு என்றால் ஆள் ஏறுகிறது. அதை அப்படியே திருப்பித் தட்டினால்தான் ஏறலாம்.

கீச்... கீச்...

பிரேக்கை லேசாக மிதித்தார். சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் ஷூ இல்லை. பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புஷ்ஷில் தண்ணீர் ஊற்றினார்கள். அதே கீச். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால்... ஒன்றுமே இல்லை.

மறுபடி ஓட்டினார். பழைய ஷாஃப்ட் வாசலில் வேலாயுதம் ஒரு தட்டு தட்டினான். வண்டி நின்றது.

கீச்... கீச்.

சக்கரம் நின்ற பிறகும் கேட்டது. யாரோ கூட நடந்து வந்து நின்ற மாதிரி.

சுரங்க விளக்கின் கார்பைடு வாசனை. ஈரப் பாறை வாசனை.

டக். டக். டக்.

எத்தனையோ வருஷம் கேஜில் ஏறி இறங்கின சாம்ராஜின் கை. யோசிக்கவில்லை. கதவில் மூன்று முறை திருப்பித் தட்டிவிட்டது.

பின்கதவு திறந்தது. வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. கதவு சாத்திக்கொண்டது.

“இன்னாத்துக்குண்ணா மூணு தட்டினே?” என்றான் வேலாயுதம். அவன் அதற்குள் முன்னால் தூரம் போய், ஹெட்லைட் வெளிச்சத்தில், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் சாம்ராஜுக்கு ஞாபகம் வந்தது. நடக்கும்போது ஏசுபாதத்தின் இடுப்பு விளக்குக் கொக்கி இப்படித்தான் கீச்சிடும். அவர் ஷிஃப்ட் முடிந்து வருவது வீட்டிலிருக்கும் குணசுந்தரிக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

திரும்பும் வழியில் சத்தமே இல்லை. “பாத்தியா, போயிடுச்சு!” என்று சொல்லி வேலாயுதம் தன் தெருவில் இறங்கிக்கொண்டான். சாம்ராஜ் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிடரியில் ஈரக்காற்று பட்டது. வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்று நினைத்தார்... ஸ்டியரிங் வீட்டுப் பக்கமே திரும்பியது.

குணசுந்தரி வாசலில் விளக்கோடு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. பின் சீட்டைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. தாழ்ந்திருந்த வண்டி மேலே எழும்பியது.

கீச்... கீச்... சத்தம் தெருமுனைப் பக்கம் போனது.

அவள் விளக்கைப் படியில் வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். “குணா...” என்றார் சாம்ராஜ்.

அவள் திரும்பவில்லை. அந்தச் சத்தத்துக்கு இரண்டடி பின்னால், பழகின நடையில், போய்க்கொண்டே இருந்தாள்.