நான் குடுத்த கறுப்புக் கோட்

கப்பலில இராச்சாப்பாட்டுக்குப் போற ஆம்பிளை என்ன உடுக்கவேணும் எண்டு கேட்டா, மன்னாரில கனபேர் சிரிப்பினம். சிரிக்கட்டும் சேர். பகலில நீங்கள் கட்டைக் காற்சட்டையோட திரியலாம், ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். ஆனா பொழுதுபட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரிச்சு, முள்ளுக்கரண்டியும் கத்தியும் அடுக்கினாப் பிறகு ஒரு ஒழுங்கு இருக்கு. கொலர் வைச்ச சேட், நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து. விசேஷ நாளெண்டா மேல ஒரு கோட். அவ்வளவுதான். ஆள் பாதி ஆடை பாதி எண்டு எங்கட ஆக்கள்தான் சொல்லி வைச்சவை, வெள்ளைக்காரன் வந்து சொல்லித் தரேல்ல.

எனக்கு இந்த ஒழுங்கு தெரியும். உல்லாசப் பயணிகளை ஏத்திக்கொண்டு போற பெரிய கப்பலில கனகாலம் வேலை செய்தனான். சாப்பாட்டு மண்டப வாசலில நிண்டு, கோட் இல்லாம வாற ஆம்பிளையளை முகம் கோணாம மறிச்சு, கப்பலில இருக்கிற இரவல் கோட்டொண்டைப் போட்டு உள்ள விடுறதுதான் என்ர வேலை. எப்பேர்ப்பட்ட மனிசனெண்டாலும் கோட் தோளில ஏறின உடன கொஞ்சம் நிமிருவார். கதைக்கிற கதையும் மாறும். நான் கண்ணால கண்டனான். கப்பலை விட்டு வரேக்க அதில ஒண்டை என்னட்டத் தந்துவிட்டவை. நல்ல கம்பளித் துணி, கறுப்பு, உள்ளுக்குப் பட்டு வைச்சுத் தைச்சது.

ஊருக்கு வந்து தலைமன்னாரில இராச்சாப்பாட்டுப் படகொண்டு துவங்கினனான். பொழுதுபடுற நேரம் பியர் இறங்குதுறையடியில ஆக்களை ஏத்தி, மணல்திட்டுப் பக்கமாக் கொண்டுபோய், நண்டும் இறாலும் குடுத்து, இருட்டி வரேக்க திருப்பிக் கொண்டுவந்து இறக்கிறது. படகு என்ர இல்லை. சனூன் மாமான்ர. அவர் என்ர உம்மான்ர தம்பி, அவர்ர மகள் நிஸ்லாவைத்தான் நான் முடிச்சிருக்கிறன். என்ர சொல்லை நம்பித் தன்ர வலையளை எல்லாம் ஆருக்கோ குடுத்துப்போட்டு, மீன் பிடிச்ச படகில மேசை கதிரை போட விட்டவர். நல்ல மனிசன். அவரைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்ல வரேல்ல.

மாமாதான் சுக்கான் பிடிக்கிறது. அதோட நிண்டாப் பரவாயில்லை. சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, மேலுக்கு ஒரு ஓட்டைப் பெனியனோட வந்து, ஆக்கள் சாப்பிடுற மேசையில தானும் குந்திக்கொண்டு கையால நண்டை உடைச்சுக் குடுப்பார். "தின்னுங்கோ, தின்னுங்கோ, வெக்கப்பட்டா நண்டு உங்களைத் தின்னும்" எண்டுவார். படகு மணலில தட்டினாப் போதும், தொபுக்கெண்டு தண்ணிக்குள்ள குதிச்சுத் தோளைக் குடுத்துத் தள்ளுவார். தள்ளி முடிய, சறத்தைத் தூக்கித் தண்ணியில அடிச்சுக் காத்தைப் பிடிச்சு, அது பலூன் மாதிரி ஊதி நிக்க, அதில நெஞ்சை வைச்சு மிதந்துகொண்டு பாட்டுப் பாடுவார். வெள்ளைக்காரர் எழும்பி நிண்டு கைதட்டுவினம், படமெடுப்பினம். நான் பூ மாதிரி மடிச்சு வைக்கிற கை துடைக்கிற துணியளை ஒருத்தராவது படமெடுத்ததை நான் காணேல்ல.

எனக்கு அதில பொறாமை எண்டு ஊரில கதைக்கினமாம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூடேலாது. பொறாமை இல்லை சேர். நான் கப்பலில நிண்டு வந்தும், இஞ்ச என்னைக் "கோப்பை கழுவினவன்" எண்டுதான் சொல்லுறவை. நான் ஒரு நாளும் கோப்பை கழுவினதில்லை. வாசலில நிண்டனான். அந்த வித்தியாசம் எங்கட ஆக்களுக்கு விளங்காது.

அந்த நேரத்திலதான் கொழும்பில இருந்து மதுஷிகா எண்ட பிள்ளை வாறதெண்டு அறிவிச்சவ. பயணக் கம்பனியொண்டில பெரிய பொறுப்பில இருக்கிறவ. ஒரு பின்னேரம் எங்கட படகில சாப்பிட்டுப் பாத்துப் பிடிச்சுதெண்டா, தங்கட ஆக்களை வருசம் முழுக்க எங்களிட்ட அனுப்புறதெண்டு பேச்சு. அண்டைக்கு அவ தலையாட்டினா நான் ஒரு ஆள். இல்லாட்டி சாகுமட்டும் கோப்பை கழுவினவன்தான். எனக்கு வேற வழி தெரியேல்ல.

அதாலதான் அந்தக் கோட்டை வெளிய எடுத்தனான். மாமா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, "இதென்ன மகன், எனக்கு ரெண்டாம் நிக்காஹ் ஏதும் பேசி வைச்சிருக்கிறியோ? உன்ர மாமிக்குச் சொன்னியோ?" எண்டார். நிஸ்லா விழுந்து விழுந்து சிரிச்சவ. பிறகு, "இந்த வெக்கைக்குள்ள கம்பளிக் கோட்டோ? வாப்பா அவிஞ்சு போவார், விடுங்கோ" எண்டு என்னோட மல்லுக்கட்டினா.

"ஒரு பின்னேரம்தான் மாமா. எனக்காக" எண்டனான்.

மாமா என்ர முகத்தைப் பாத்தார். சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு, "உனக்காகத்தானே, கொண்டா" எண்டு கையை நீட்டினார். காற்சட்டையும் என்ரதான், இடுப்பில பட்டி போட்டு இறுக்கிவிட்டனான். அவர்ர கால் சப்பாத்துக் கண்ட காலில்லை, விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கும். நான் முட்டுக்காலில இருந்து தள்ளித் தள்ளி ஏத்தி, கயிறு அவிழாம இருக்க ரெண்டு முடிச்சுப் போட்டனான். நிமிந்து பாத்தா, அவர் வேற ஆள். உண்மையா வடிவா இருந்தார்.

மிதவைச் சட்டையளைப் பற்றி எல்லாரும் கேக்கினம். ஓம், படகில ஏறுற எல்லாரும் போடவேணும் எண்டுதான் சட்டம். ஆனா அந்தச் செம்மஞ்சள் நிறத்தை நீங்கள் ஒரு வெள்ளை மேசைக்குப் பக்கத்தில வைச்சுப் பாக்கவேணும். ஆம்பிளை கோட்டைப் போட்டு அதுக்கு மேல அதைக் கட்டினா, கோட் எதுக்கு? எல்லாத்தையும் பெரிய பெட்டிக்குள்ள போட்டு மூடி, மேல துணி விரிச்சு, சாப்பாட்டுச் சட்டியளை அதில அடுக்கினனான். கயிறும் மிதவை வளையமும் அதுக்குள்ளதான். பாக்க நல்ல லட்சணமா இருந்தது.

மதுஷிகாவோட கம்பனி ஆக்கள் கொஞ்சப் பேர் வந்தவை. ஆம்பிளையள் எல்லாரும் நான் சொல்லிவிட்ட மாதிரியே உடுத்துக்கொண்டு வந்தவை. கடல் அமைதியா இருந்தது. மாமா சுக்கானைக் கட்டிப்போட்டு, நான் சொன்னபடி கதிரையில நிமிந்து இருந்து, முள்ளுக்கரண்டியால நண்டைக் குத்திக் குத்திக் களைச்சுப் போனார். மதுஷிகா அவரிட்ட, "உங்கட மருமகன் எல்லாம் நல்ல ஒழுங்காச் செய்யிறார்" எண்டா. நான் பக்கத்திலதான் நிண்டனான். மாமாக்குச் சந்தோஷம் தாங்கேல்ல.

"லேசுப்பட்ட ஆளில்லை மகள்" எண்டார். "உலகமெல்லாம் போய்க் கோப்பை கழுவிட்டுத்தான் இஞ்ச வந்தவன்."

மேசை முழுக்கச் சிரிச்சுது. மதுஷிகாவும் சிரிச்சா. மாமா பெருமையாத்தான் சொன்னவர், அது எனக்குத் தெரியும். அதுக்கும் பிறகு நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேப்பீங்கள் எண்டபடியால முதலே சொல்லி வைக்கிறன்.

திரும்பி வரேக்க காத்து மாறி, நீரோட்டம் இழுக்கத் துவங்கினது. படகு திட்டு ஓரத்தில மெல்லமாத் தட்டி நிண்டிட்டுது. எஞ்சின் பாக்கிற நிதர்சன் அதை நிப்பாட்டிப்போட்டுக் கீழ எஞ்சின் அறைக்குள்ள இறங்கிட்டான். மாமா வழக்கம்போலத் தள்ளிவிட எழும்பி, கோட் பொத்தானில கையை வைச்சார். நான் கிட்டப் போய்க் காதுக்குள்ள, "மேசைக்கு முன்னால உடுப்புக் கழட்டாதேங்கோ மாமா, இடுப்பளவு தண்ணிதானே, அப்பிடியே இறங்குங்கோ" எண்டனான். அவர் படகின்ர பின்பக்கமாப் போய், ஏணியைப் பிடிச்சுக் கோட்டும் சப்பாத்துமா இறங்கினார். ஆக்களுக்கு முதுகு அந்தப் பக்கம். படகில போட்டிருந்த பாட்டையும் கொஞ்சம் கூட்டி விட்டனான்.

ரெண்டு தள்ளில படகு விடுபட்டுது. திட்டு முடியிற இடத்தில தரை சடாரெண்டு இறங்கும், அங்கதான் இழுவையும். அது அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். சறத்தோட எண்டா அவருக்கு அது விளையாட்டு. ஆனா கம்பளி தண்ணி குடிச்சா என்ன பாரம் வரும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எனக்குத் தெரியும், கப்பலில மழையில நனைஞ்ச கோட்டுகளைக் காயப்போட்டவன் நான். அவர் ஏணியை எட்டிப் பிடிச்சார், சப்பாத்து வழுக்கினது, கை விட்டுது. படகு விலகினது. நான் சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கிற வட்டிலப்ப இனிப்புத் தட்டோட பின்னுக்கு நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் என்னைப் பாத்து ஏதோ கேட்டவர். பொலிசிலயும் மரண விசாரணையிலயும் பாட்டுச் சத்தத்தில ஒண்டும் விளங்கேல்ல எண்டு சொன்னனான்.

பெட்டியைத் திறக்கிறதெண்டா சட்டியளை எல்லாம் இறக்கவேணும். துணியை இழுக்கவேணும். மேசையில இருக்கிறவை பதறி எழும்புவினம், ஒரு நல்ல பின்னேரம் குழம்பிப்போகும். சாப்பாட்டு நேரத்தில பரிமாறுறவன் ஓடக்கூடாது. நான் நடந்து போய், வட்டிலப்பத்தை ஒவ்வொருத்தருக்கா வைச்சனான்.

மதுஷிகா, "ஐயா எங்க?" எண்டு கேட்டா. "பின்னுக்கு நிக்கிறார், இப்ப வருவார்" எண்டனான். "அந்தக் கோட் அவருக்கு நல்ல எடுப்பு" எண்டா. எனக்குச் சந்தோஷமா இருந்தது. ஒளிக்காமச் சொல்லுறன்.

தட்டுகளை எடுத்து வைச்சுப்போட்டுத்தான் நிதர்சனிட்டப் போய் மாமாவைக் காணேல்ல எண்டனான். அவன் கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. நேவிக்காரர் வந்து தேடினவை. அடுத்தநாள் மையத்து கரையொதுங்கினது. விசாரணையில தற்செயலா நடந்த மரணம் எண்டு முடிச்சவை. நானும்தான் ஜனாஸாவைத் தோளில தூக்கிக்கொண்டு போனனான். மதுஷிகான்ர கம்பனி பிறகு ஒரு கதையும் கதைக்கேல்ல.

இதோட இருந்திருப்பன். ஆனா மாமான்ர பெண்சாதி ஆசியா மாமிக்கு இத்தா முடிஞ்சுது. நாலு மாதத்துக்கு மேல வாசல் தாண்டாத மனிசி, முதல்முதலா வெளிக்கிட்டு நேர என்ர வீட்டை வந்தா. கையில ஒரு பை. உள்ளுக்கு அந்தக் கோட். உப்புப் போகக் கழுவி, நிழலில காயவைச்சு, ஸ்திரிக்கை போட்டு மடிச்சிருந்தா.

"இது உங்கட அமானிதம் மகன்" எண்டா. "மௌத்தானவர் பிறத்தியார்ர சாமானைத் தன்ர கழுத்தில வைச்சுக்கொண்டு கபுறில கிடக்கக்கூடாது. ஒரு பொத்தான் அறுந்திட்டுது. கடைகடையாத் தேடினன், அதே மாதிரி ஒண்டு கிடைக்கேல்ல. அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கோ மகன்."

பொறுத்திட்டன் எண்டு சொல்லவேணும், அதுதான் முறை. பொறுத்திட்டன் மாமி எண்டு சொன்னனான். மாமி கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இனி அவருக்கு நிம்மதி" எண்டா. நிஸ்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா. அந்தப் பொத்தான் இருந்த இடத்தில துணி கிழிஞ்சு நூல் தொங்கினதை நான் பாத்துக்கொண்டே இருந்தனான். அவ்வளவு இழுத்திருக்கிறார். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை சேர், சோறு இறங்குதில்லை. அதாலதான் முதல் குடுத்த வாக்குமூலத்தை மாத்திச் சொல்ல உங்களிட்ட வந்தனான்.

அவர் என்ன கேட்டவர் எண்டு எனக்கு நல்லா விளங்கினது. காப்பாத்து எண்டு கத்தேல்ல. கத்தியிருந்தா மேசையில இருந்தவைக்கும் கேட்டிருக்கும், நானும் ஏதாவது செய்திருப்பன் எண்டுதான் நினைக்கிறன். வாய்க்குள்ள தண்ணி போகப் போக, என்ர பேர் கெட்டுப்போகாம, மெல்லமாத்தான் கேட்டவர். "மகன், இது கீழ இழுக்குது. கழட்டினா கடலோட போயிடும், உன்ர நல்ல கோட். கழட்டட்டோ?"

இரவல் வாங்கின சாமானைச் சொந்தக்காரனைக் கேக்காமத் துலைக்கிற ஆளில்லை அவர். ஓம் எண்ட ஒரு சொல்லுக்காக என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு மிதந்தார்.

"வேண்டாம் மாமா, போட்டுக்கொண்டே வாங்கோ" எண்டனான்.

"சரி மகன்" எண்டார்.

நான் மரியாதையாத்தான் சொன்னனான் சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.