ஓட்டைத் தாளும் ஒரு புகார்க் கடிதமும்

அவையை வழிநடத்தும் துறைத்தலைவர் அவர்களே, திட்டித் திட்டியே எங்களை ஆராய்ச்சியாளர்களாக்கிய ஓய்வுபெற்ற பேராசிரியர் அவர்களே, கோப்புகளின் காவலரான பதிவாளர் ஐயா அவர்களே, பிள்ளை என்ன படிக்கிறது என்று இன்றுவரை புரியாமலே பெருமைப்படும் பெற்றோர்களே, தாய்மார்களே, தோழர்களே, மூன்றாம் வரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கும் எங்கள் கண்ணாடி அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நாளை இந்தப் பழைய கட்டடத்தைப் பூட்டுகிறோம். மரபணு ஆய்வுக்கென்று குளிரூட்டிய புதிய கட்டடம் காத்திருக்கிறது. ஆனால் என் மூக்கு இன்னும் இரண்டாம் மாடியிலேயே நிற்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் மோதுமே, புளிக்கும் மாவைப் போன்ற ஈஸ்ட்டின் மணம், அது அங்கே வருமா? குடுவைகளை ஆவியில் வேகவைக்கும் அந்தக் கிழட்டு இயந்திரம் பெருமூச்சு விடுமே, அது அங்கே கேட்குமா? ஒரே ஒரு நல்ல நாற்காலிக்கு ஏழு பேர் சண்டை போட்டோமே, அந்தச் சண்டை அங்கே கிடைக்குமா? பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், அந்த நாற்காலியின் காலை உடைத்தவரும் அங்கேதான் இருக்கிறார்.

தாய்மார்களே, நாங்கள் செய்த வேலை இதுதான். உங்கள் உடலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு. அதற்குள் இரண்டு மீட்டர் நீள இழை. சிக்காமல் சுருட்டி, சிதறாமல் அடுக்கி, வேண்டிய இடத்தை மட்டும் விரித்துப் படித்து, மறுபடி மடித்து வைக்கிறது உயிர். அந்த இழையில் தினமும் ஆயிரமாயிரம் அடிகள் விழுகின்றன. விழ விழப் பழுது பார்க்கிறது. அந்தப் பழுதுபார்ப்பைத்தான் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் படித்தோம்.

அந்த ஆய்வகத்தின் முதுகெலும்பு அக்கா. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதால் கண்ணாடி அக்கா. ஈஸ்ட் வளரும் தட்டுகளை ஊற்றுவது, அடுக்குவது, சூட்டுப்பெட்டிக்குக் கொண்டுபோவது, எல்லாம் அவர்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். ஒவ்வோர் ஆண்டும், “இந்த வாட்டி நிரந்தரம் ஆயிடும்மா” என்று சொல்லிக்கொண்டே குடுவை கழுவுவார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் முதலாண்டு மாணவி. பழுதுபார்க்கும் மரபணு ஒன்றை நீக்கிய ஈஸ்ட்டின் மேல், இழையைக் காயப்படுத்தும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினேன். பழுதுபார்க்க ஆளில்லை, அதனால் சாகவேண்டும். இதில் ஒரு விதி உண்டு. புற ஊதா பட்ட தட்டில் சாதாரண வெளிச்சம் படக்கூடாது. பட்டால், வெளிச்சத்தில் மட்டும் வேலைசெய்யும் இன்னொரு நொதி விழித்துக்கொண்டு காயத்தை ஆற்றிவிடும். அதனால் அலுமினியத் தாளில் சுற்றிவைப்போம். புதுத் தாள் கேட்டால் அலுவலகம் மூன்று படிவம் கேட்கும். ஆகவே பழைய தாளையே உள்ளங்கையால் நீவி நீவி, நாலு தட்டு ஐந்து தட்டு என்று மாற்றி மாற்றிச் சுற்றுவது எங்கள் வழக்கம். அப்படித்தான் நானும் சுற்றினேன். சூட்டுப்பெட்டியில் இடமில்லாததால் மதியம் முழுக்க ஜன்னலோரம் வைத்தேன்.

மூன்றாம் நாள் பிரித்தால், செத்திருக்கவேண்டிய ஈஸ்ட் கொத்துக் கொத்தாக முளைத்திருக்கிறது. யாரைச் சந்தேகித்தேன்? என்னையா? என் கையையா? என் கணக்கையா? இல்லை. பட்டம் இல்லாத ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, பட்டம் வாங்கவந்தவள் தன்னை ஏன் சந்தேகிக்கவேண்டும்? மரபணு நீக்காத நல்ல ஈஸ்ட் தட்டோடு அக்கா மாற்றி வைத்துவிட்டார் என்றேன். பேராசிரியர், “எழுதிக் குடு, மேல அனுப்பறேன்” என்றார். எழுதினேன், அனுப்பினார்.

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்தார். கோபமாக வரவில்லை. என் தட்டையும், அதைச் சுற்றியிருந்த தாளையும் கொண்டுவந்தார். தாளைத் தட்டின் மேல் விரித்துப் பிடித்தார்.

“இங்க பாரும்மா. தாள்ல எங்கெங்க ஓட்டையோ, தட்டுல அங்கங்கதான் முளைச்சிருக்கு. நான் மாத்தி வச்சிருந்தா தட்டு முழுக்க முளைச்சிருக்கணுமே?”

அவையோரே, அதைவிடச் சுத்தமான வாதத்தை இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் கேட்டதில்லை. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பார்த்தார், சிரித்தார், “சரி, சரி, இனிமே புதுத் தாள் போடு” என்றார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். புதுத் தாள் வந்தது, ஆய்வு சரியாக நடந்தது, பட்டம் வந்தது. இனிய நாட்கள் என்று இத்தனை காலமும் அவற்றை நினைத்து நினைத்து மகிழ்ந்திருந்தேன்.

போன வாரம் இடமாற்றத்துக்காக அலுவலகக் கோப்புகளைக் கட்டினோம். அக்காவின் கோப்பு என் கைக்கு வந்தது. திறந்தேன். ஆறு ஆண்டுக்கு முந்தைய தாள், என் கடிதம். அடுத்த தாள், நிரந்தரப் பணி மறுப்பு. காரணம், என் கடிதம். அடுத்த ஆண்டும் மறுப்பு. அதற்கடுத்த ஆண்டும் மறுப்பு. காரணத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் மறந்துவிட்டேன். கோப்பு மறக்கவில்லை.

நாங்கள் படித்த பாடம்தானே இது? இழையில் விழுந்த அடியை உடனே சரிசெய்தால் தழும்புகூட இராது. சரிசெய்யாமல் உயிரணு பிரிந்துவிட்டால், அந்தப் பிழை நகலாகும். நகலுக்கு நகலாகும். பிறகு அதுதான் உண்மை என்று உடல் நம்பிவிடும். ஈஸ்ட்டில் இதை நிரூபித்துக் கைதட்டல் வாங்கினேன். என் பிழை அடுத்த அறையில் ஆண்டுக்கொரு முறை நகலாகிக்கொண்டிருந்தது.

அக்காவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்.

“மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண? அத எழுதிக் குடு.”

எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தட்டு மாறவில்லை, தாளில் ஓட்டை இருந்தது, சுற்றியது நான், புகார் பொய். நாளை மறுநாள் நிரந்தரப் பணிக்கான தேர்வுக்குழு கூடுகிறது. அக்காவுக்கு அடுத்த ஆண்டு வயது வரம்பு கடந்துவிடும். அலுவலகத்தில் கொடுத்தால் போதாதா என்று தலைவர் பார்க்கிறார். ஐயா, அலுவலகத்தில் கொடுத்தது போன முறை. இந்த முறை நானூறு பேர் பார்க்கக் கொடுக்கிறேன். பேராசிரியர் அவர்களே, சாட்சியாக உங்கள் கையெழுத்துக்கும் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அக்கா ‘போதும், உட்காரு’ என்று கைகாட்டுகிறார். இதோ முடித்துவிட்டேன். பதிவாளர் ஐயா, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து, இன்றைய தேதியோடு. பேனா என்னிடமே இருக்கிறது.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு என் நன்றி. கையெழுத்திடப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.